கொடி வேறு, தோரணம் வேறு: வளாகத்தில் தேசிய விழா நடத்தும் தன்னார்வலர்களுக்கு

குடியிருப்பு வளாகத்துக் கொடியேற்றத்தில் எது சொதப்பினாலும் சமாளித்துவிடலாம். கொடி அவிழாமல் நின்றுவிட்டால் மட்டும் தப்ப முடியாது. நூறு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். விருந்தினர் இழுக்க இழுக்க முடிச்சு இறுகிக்கொண்டே போகும். கடைசியில் செக்யூரிட்டி அண்ணன் ஏணி தேடி ஓடுவார். அதனால் அலங்காரம், ஆட்டம், பாட்டு எல்லாவற்றுக்கும் முன்னால் முடிச்சைப் பேசிவிடலாம்.

கொடியின் ஓரத்தில் தடித்த வெள்ளைப் பட்டி ஒன்று இருக்கும். அதற்குள் ஓடும் கயிற்றின் ஒரு முனையில் சிறிய மரக்கட்டை, மறுமுனையில் வளையம். மரக்கட்டை இருக்கும் பக்கம்தான் மேல், அதாவது காவி. கம்பத்துக் கயிறு உச்சியில் ஒரு கப்பி வழியாகப் போய்த் திரும்பும். ஒரு முனை கொடியின் மேல்பக்கத்தில் மாட்டப்படும், அது ஏற்றும் கயிறு. இன்னொரு முனை கீழ்பக்க வளையத்தில், அது அவிழ்க்கும் கயிறு. விருந்தினர் தவறான கயிற்றை இழுத்தால் பொட்டலம் கப்பியில் போய் முட்டிச் சிக்கிக்கொள்ளும். அவிழ்க்கும் கயிற்றில் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு நிற நூலைக் கட்டி வைத்தால் விருந்தினருக்கு யாரும் காதில் கிசுகிசுக்க வேண்டியதில்லை.

மடிப்பதற்கு ஒரு மேசையும் அதன்மேல் துவைத்த வேட்டியும் வேண்டும். தரையில் விரித்து மடிக்கக் கூடாது. மூன்றடிக்கு இரண்டடிக் கொடியை இரண்டு பேர் பிடித்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து, மறுபடியும் இரண்டாக மடித்தால் ஆறு அங்குல அகலப் பட்டை கிடைக்கும். பறக்கும் முனையிலிருந்து பட்டியை நோக்கி விசிறி மடிப்பாகக் கொண்டுவர வேண்டும். கடைசி ஓர் அடி மீதம் இருக்கும்போது பூவிதழ்களை வைத்து மூடுங்கள். பிறகு அவிழ்க்கும் கயிற்றால் பொட்டலத்தை இரண்டு சுற்று சுற்றி, மூன்றாவது சுற்றை முழுதாக இழுக்காமல், கயிற்றை வளையமாக மடித்து சுற்றுகளுக்கு அடியில் செருக வேண்டும். ஷூ லேஸில் ஒரு காதை மட்டும் போடுவது போல. செருகிய காது இரண்டு விரல் நீளம் இருந்தால் போதும். அதைவிட நீண்டால் மேலே போகும் வழியிலேயே அவிழ்ந்து பூ கொட்டிவிடும். குட்டையாக இருந்தால் இறுகிவிடும். சாதா முடிச்சு போடவே கூடாது.

பூ இரண்டு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். நிறையப் பூ வைத்தால் பொட்டலம் உருண்டையாகி சுற்று நழுவும். பன்னீர் ரோஜா இதழ் லேசானது, நன்றாக மிதந்து விழும். முந்தைய இரவு ஃப்ரிட்ஜில் வைத்த இதழ் ஈரம் கோத்துத் துணியோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் செய்தித்தாளில் அரை மணி நேரம் பரப்பிவிட்டுத்தான் வைக்க வேண்டும். ஜிகினாத்தூள் வேண்டவே வேண்டாம், அடுத்த ஜனவரி வரை கொடியை விட்டுப் போகாது. விரிக்கும்போது விழுவதற்காக மலரிதழ் வைப்பதைக் கொடி விதித்தொகுப்பே அனுமதிக்கிறது, அதில் தயக்கம் வேண்டாம்.

ஒத்திகையை வெறும் கொடியோடு பார்த்துவிட்டு, விழாவன்று முதல்முறையாகப் பூ வைப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். பூவோடு மூன்று முறை பாருங்கள். மூன்றும் சரியாக விரிந்தால் அதே கை, அதே கயிறு, அதே மடிப்பு. விழாவன்று காலையில் கட்டும் ஆளை மாற்றாதீர்கள்.

ஆகஸ்ட் 15க்குக் கொடி கீழிருந்து ஏற்றப்பட்டு விரியும். ஜனவரி 26க்கு உச்சியிலேயே கட்டி வைத்து விரிக்கப்படும் என்பது டெல்லி மரபு. வளாகங்களில் இரண்டுக்கும் உச்சியில் கட்டிவிட்டு இழுப்பதுதான் நடக்கிறது. அதில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆகஸ்டில் கீழிருந்து ஏற்ற ஆசைப்பட்டால் ஏற்றும் வேகம் முக்கியம். ஏற்றுவது விறுவிறுப்பாக, இறக்குவது நிதானமாக.

கம்பம், கயிறு, கரண்ட்

கொடியின் நீளம் கம்பத்தின் உயரத்தில் கால் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு, பதினைந்து அடிக் கம்பத்துக்கு மூன்றுக்கு இரண்டு. பதினெட்டு, இருபது அடிக்கு நாலரைக்கு மூன்று. எந்த அளவானாலும் நீளம் அகலம் 3:2 விகிதம் மாறக் கூடாது. சதுரமாகத் தைத்துத் தரும் கடைகள் இருக்கின்றன, அளந்து வாங்குங்கள். கயிறு, கம்பத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கும் மேலே நாலைந்து அடியும். பருத்திக் கயிறு மழையில் ஊதிக் கப்பியில் அடைத்துக்கொள்ளும். பின்னல் போட்ட ஆறு மில்லிமீட்டர் நைலான் கயிறு ஓடும்.

கதர்க் கொடி அழகு. ஆனால் சென்னையில் காலை எட்டு மணிக்குக் காற்று பெரும்பாலும் மந்தம், கடற்காற்று எழும்புவதற்கு வெகுநேரம் ஆகும். கனமான துணி கம்பத்தோடு ஒட்டித் தொங்கும். கொடி விதித்தொகுப்பில் 2021 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு பாலியெஸ்டர் கொடியும் இயந்திரத்தில் நெய்த கொடியும் அனுமதிக்கப்பட்டவைதான். தொங்கினாலும் கதர்தான் வேண்டும் என்பவர்கள் அப்படியே செய்யலாம். புகைப்படம் எடுப்பவர் கொஞ்சம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது சொல்வதை மட்டும் யாரும் தாண்டிப் படிக்க வேண்டாம். தற்காலிகக் கம்பம் நடுவது இரும்புக் குழாயில். இருபது அடிக் குழாயை நிமிர்த்தும்போது அது எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது. புறநகரில் தெருவுக்குத் தெரு மேலே மின்கம்பி ஓடுகிறது. நகருக்குள் கேபிள் பூமிக்கடியில் போனாலும் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகும் வயர் தலைக்கு மேலேதான். குழாயின் முழு நீளத்தையும் அதற்கு மேல் பத்தடியையும் ஆரமாக வைத்து ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டத்துக்குள் மேலே ஒரு கம்பி தெரிந்தாலும் இடத்தை மாற்றுங்கள். பிள்ளைகளைக் கம்பம் பிடிக்கச் சொல்லாதீர்கள். சீரியல் செட் விளக்கைக் கொடிக்கம்பத்தில் சுற்றுவதும் இதே வகை முட்டாள்தனம். மழையில் நனைந்த சீரியல் செட், இரும்புக் கம்பம், அதன் கயிற்றைப் பிடித்தபடி ஈரத்தரையில் நிற்கும் மனிதர். வேறென்ன விளக்கம் வேண்டும்? மேடைக்கான மின்சாரத்தைக் கசிவு வந்தால் தானாக அணையும் டிரிப்பர் உள்ள போர்டிலிருந்து மட்டும் எடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் கிடக்கக் கூடாது, ஒரு நாற்காலி மேலாவது ஏறட்டும்.

தோரணம்

அலங்காரக் குழுவுக்குள் வருடா வருடம் நடக்கும் சண்டை ஒன்றே ஒன்றுதான். கொடியையே அலங்காரமாக்கலாமா? கூடாது. 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் கொடி விதித்தொகுப்பு இதில் தெளிவாக இருக்கிறது. தேசியக் கொடியைத் தோரணமாகவோ, ரோஜாப்பூ மடிப்பாகவோ, மேடைத் திரையாகவோ, மேசை விரிப்பாகவோ பயன்படுத்தக் கூடாது. 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், கொடியின் படமும் ஓவியமும் எந்தப் பொருளில் செய்யப்பட்டிருந்தாலும் கொடியே என்கிறது. ஆகவே நடுவில் சக்கரம் அச்சடித்த செவ்வகக் காகிதங்களை வரிசையாகக் கோத்தால் அது தோரணம் இல்லை, நூறு கொடிகள். விழா முடிந்து மறுநாள் துப்புரவுப் பணியாளர் அதைக் கூட்டி அள்ளும்போது உங்களுக்கே உறுத்தும்.

வழி எளிது. நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கொடியை விட்டுவிடுங்கள். ஒரு முக்கோணம் காவி, அடுத்தது வெள்ளை, அடுத்தது பச்சை என்று ஒற்றை நிறத் துண்டுகளாகக் கோத்தால் எந்தச் சட்டச் சிக்கலும் இல்லை, பார்க்கவும் கண்ணுக்கு நிறைவு. அடிப்பக்கம் எட்டு அங்குலம், உயரம் பத்து அங்குலம், இரண்டுக்கும் இடையே நாலு அங்குல இடைவெளி. அப்படியானால் அடிக்கு ஒரு முக்கோணம். நூறடித் தோரணத்துக்கு நூறு, கணக்கு சுலபம். பட்டத்தாள் மலிவுதான், ஆனால் ஆகஸ்ட் மாலையில் சென்னையில் இடிமழை வரும் என்பது எழுதிவைத்த விதி. 14ஆம் தேதி சாயங்காலம் கட்டிய பட்டத்தாள் தோரணம் 15ஆம் தேதி காலையில் சாயத்தை வெள்ளைச் சட்டைகளின் மேல் சொட்டிக்கொண்டிருக்கும். பாரிமுனையில் கோடவுன் தெருவில் காடா துணி வாங்கி வெட்டிவிட்டால் ஐந்தாறு வருடம் ஓடும். துவைத்தும் போடலாம்.

பிளாஸ்டிக் கொடி தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க வந்த தடைப் பட்டியலில் பலூன் செருகும் பிளாஸ்டிக் குச்சியும் அலங்காரத் தெர்மோகோலும் சேர்ந்துவிட்டன. தெர்மோகோலில் எழுத்து வெட்டிக் கொடுக்கும் ஆள் இன்னும் இருக்கிறார் என்பதற்காக வாங்க வேண்டாம். பழைய அட்டைப்பெட்டியில் வெட்டி வண்ணத்தாள் ஒட்டினால் தூரத்தில் வித்தியாசமே தெரியாது.

மேடைப் பின்னணித் துணிக்குக் கணக்கு: இருபதடி அகலம், பத்தடி உயரம். மடிப்பு விழுந்து தொங்க வேண்டுமானால் அகலத்தைப் போல் இரு மடங்கு துணி, அதாவது நாற்பதடி. நாற்பத்துநாலு அங்குலப் பன்னாவில், அதாவது துணி அகலத்தில், பதினோரு துண்டு, துண்டுக்குப் பத்தடி, மேலே மடித்துத் தைக்கக் கொஞ்சம். முப்பத்தாறு மீட்டர் வாங்கினால் சரியாக இருக்கும். காவி மேலே, பச்சை கீழே என்று படுக்கையாகக் கட்டாமல் நிறங்களைச் செங்குத்தாக, கலைத்துத் தொங்கவிடுங்கள். படுக்கையாகக் கட்டினால் இருபதடிக் கொடி ஒன்றுக்கு முதுகைக் காட்டிப் பிள்ளைகள் ஆடுவார்கள்.

பலூன் பற்றி ஒன்றே ஒன்று. வெயிலில் வெடிக்கும், அதுவும் தேசிய கீதத்தின் நடுவில். ஒன்பது அங்குலப் பலூனை ஏழு அங்குலத்துக்கு மேல் ஊதாதீர்கள், நிழலில் மட்டும் கட்டுங்கள். நாலு நாலாகக் கட்டிய இருபதடி வளைவுக்கு சுமார் இருநூறு பலூன் ஆகும். ஊதும் பம்ப் இல்லாமல் இறங்க வேண்டாம்.

பூ விஷயத்தில் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். ஆகஸ்ட் 15 ஆடியின் கடைசி நாட்களில் வரும். கல்யாணம் இல்லை, ஆனால் அம்மன் கோயில் திருவிழா, ஆடி வெள்ளி, அருகிலேயே வரலட்சுமி நோன்பு. ஜனவரி 26 தை பிறந்து பன்னிரண்டாம் நாள் வாக்கில், முழு முகூர்த்தக் காலம். இரண்டிலும் வெள்ளைப் பூதான் விலை ஏறும். காவிக்குச் செண்டுமல்லி எப்போதும் கைகொடுக்கும். பச்சைக்குப் பூவே வேண்டாம், வளாகத்திலேயே நிற்கும் நெட்டிலிங்க இலையும் மாவிலையும் போதும். ஆக, சம்பங்கியைக் குறைத்து இலையைக் கூட்டினால் செலவு இறங்கும். ஒரு கிலோ செண்டுமல்லியை நெருக்கிக் கோத்தால் சுமார் பன்னிரண்டு முதல் பதினைந்து அடி வரும். கோயம்பேட்டில் செண்டுமல்லியை 14ஆம் தேதி காலையிலேயே வாங்கிவிடலாம், தாங்கும். சம்பங்கி அன்றிரவுக்குள் பழுப்பாகத் தொடங்கும், அதை விடியற்காலையில் வாங்குங்கள். கோத்த செண்டுமல்லி மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தை விடுங்கள், உள்ளுக்குள் அழுகும். ஈரத்துணி போர்த்தினால் போதும்.

இதே ஆடி காரணமாக மைக் செட்காரரும் பந்தல்காரரும் கூழ் வார்க்கும் விழாக்களில் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆடி பிறக்கும் முன்பே முன்பணம் கொடுத்தவருக்குத்தான் நல்ல ஸ்பீக்கர்.

கோலமும் சக்கரமும்

வாசலில் மூவண்ணக் கோலம் போடும் அக்காக்களிடம் மெதுவாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. மூன்று நிறத்தில் தாமரை, மயில், சிக்குக்கோலம் எல்லாம் போடலாம். கொடியையே கோலமாகப் போட்டால் எட்டரை மணிக்கு அதன் மேல் செருப்புக்கால் பதியும். சக்கரம் வேண்டுமென்றால் அட்டையில் வரைந்து மேடையில் தலைக்கு மேல் மாட்டலாம்.

சக்கரத்தின் இருபத்துநாலு ஆரக்காலைக் கண்ணால் பார்த்துப் போட்டால் இருபதிலோ இருபத்தாறிலோ போய் முடியும். மூன்றடி வட்டம் என்றால் ஆணி, நூல், பென்சில் வைத்துப் பதினெட்டு அங்குல ஆரத்தில் வட்டம் போடுங்கள். அதே பதினெட்டு அங்குலத்தை மாற்றாமல் வட்டத்தின் மேல் அடியெடுத்து வைத்தால் சரியாக ஆறு புள்ளி விழும். ஒவ்வொரு இடைவெளியையும் பாதியாக்கினால் பன்னிரண்டு, இன்னொரு முறை பாதியாக்கினால் இருபத்துநாலு. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நேர்கோட்டில் 4.7 அங்குலம் வர வேண்டும், ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நிறம் கருநீலம். கறுப்பு மார்க்கரில் தீட்டிவிட்டு தூரத்தில் நீலமாகத் தெரியும் என்று சொல்லாதீர்கள், தெரியாது.

மூவண்ண கேக் வெட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: அசோகச் சக்கரத்தோடு கூடிய மூவண்ண கேக்கை வெட்டியது அவமதிப்புக் குற்றம் ஆகாது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. குற்றமில்லை என்பதற்காகத் தேடிப்போய் வெட்ட வேண்டும் என்றும் இல்லை. கேசரி போதாதா?

ஆட்டமும் பாட்டும்

நேரத்தை எட்டு மணிக்கு வையுங்கள். 1974 முதல் சுதந்திர தினத்தன்று கோட்டையில் முதலமைச்சர் கொடியேற்றுகிறார். அதை டிவியில் பார்க்க வீட்டுக்குப் போகிறவர்கள் பெரியவர்கள் கூட்டத்தில் நிச்சயம் இருப்பார்கள். எட்டு மணி வைக்க இன்னொரு காரணம் தரை. ஆகஸ்டில் ஒன்பதரைக்கு மேல் மொட்டைமாடியிலும் சிமென்ட் தளத்திலும் பரதநாட்டியக் குழந்தை வெறுங்காலோடு நிற்க முடியாது. மேடையில் பச்சை மேட் விரித்தால் அதன் இணைப்புகளை டேப் போட்டு ஒட்டுங்கள். சலங்கை சிக்குவது அங்கேதான். சவுண்ட் டெஸ்டிங்கை விடியற்காலையில் வைக்காதீர்கள், இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை.

ஒரு நிகழ்ச்சிக்கு நாலு நிமிடம், உடை மாற்ற, மேடை ஏற இரண்டு நிமிடம். ஒன்றரை மணி நேரத்தில் பதினைந்து நிகழ்ச்சிதான் அடங்கும். பதினாறாவது பெற்றோர் வந்து கேட்பார். அவருடைய பிள்ளையை ஒரு குழு நடனத்தில் சேர்த்துவிடலாம், தனி நேரம் கொடுத்தால் பதினேழாவதும் வரும்.

பாட்டுகளை முன்கூட்டியே இறக்கி, 01, 02 என்று வரிசை எண் போட்டு, இரண்டு பென் டிரைவில் வையுங்கள். ப்ளூடூத்தில் ஓட்டினால் போன் வந்துவிடும். யூடியூபில் நேரடியாக ஓட்டினால் தேசிய கீதத்துக்கு முன் சோப்பு விளம்பரம் வரும். எல்லாரும் விறைப்பாக நின்று அதைக் கேட்க வேண்டியிருக்கும்.

தேசிய கீதம் பாட வேண்டியது, போட வேண்டியது இல்லை. முழுப் பாட்டு சுமார் 52 நொடி. கெடுவது தொடக்கச் சுருதியில்தான். உற்சாகத்தில் உயர எடுத்துவிட்டால் ‘ஜய ஹே’ மேல் ஸட்ஜத்தைத் தொடும் இடத்தில் ஆண்கள் பாதிப் பேர் வாயை மட்டும் அசைப்பார்கள். கலந்த கூட்டத்துக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை சரி. யார் எடுத்துக் கொடுப்பது என்பதை முந்தைய நாளே முடிவு செய்து, அவர் கையில் மட்டும் மைக் இருக்கட்டும். இரண்டு மைக் இருந்தால் இரண்டு வேகம்.

கொடி விரிந்ததும் உடனே தேசிய கீதம். பிறகு மேடை நிகழ்ச்சியைத் தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்குவது ஒழுங்காக இருக்கும். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டபோது 55 நொடியில் மோகன ராகத்தில் பாட வேண்டும் என்று அரசு வரையறுத்தது. அதையும் நாலு பேர் பயிற்சி எடுத்து வாயால் பாடினால்தான் அழகு.

மாறுவேடப் போட்டியில் எப்படியும் ஏழெட்டு பாரதி வருவார்கள். மையில் வரைந்த மீசை வியர்வையில் பத்து நிமிடத்தில் கன்னத்துக்கு இறங்கும். புருவப் பென்சிலால் வரைந்து மேலே பவுடர் ஒற்றினால் நிற்கும். வேலு நாச்சியார் வாள் அட்டையில் இருக்கட்டும். கவனிக்க வேண்டியது கொடிகாத்த குமரன். பிள்ளை அடிபட்டு விழுகிற காட்சியில் கொடியும் சேர்ந்து தரையில் விழும். கைதட்டல் விழும், யாருக்கும் உறைக்காது. 1932 ஜனவரியில் திருப்பூரில் அடிபட்டு விழுந்தபோதும் கொடியை விடாதவர் என்பதற்குத்தான் அந்தப் பெயரே. விழுந்தாலும் கை மேலே நிற்க வேண்டும் என்று பழக்குங்கள், அல்லது பின்னால் வரும் பிள்ளை வாங்கிக்கொள்ளட்டும். இன்னொன்று, இன்றைய கொடி ஏற்கப்பட்டது 1947 ஜூலை 22இல். குமரன் காலத்துக் காங்கிரஸ் கொடியில் இருந்தது ராட்டை. சார்ட் தாளில் ராட்டைக் கொடி செய்து கொடுத்தால் வரலாறும் சரியாகும், தேசியக் கொடி தரையைத் தொடும் பயமும் போகும்.

நடனக் குழுவுக்கு மூவண்ணத் துப்பட்டா தைக்கும்போது ஒருவருக்கு ஒரு நிறம் என்று பிரித்துவிடுங்கள். சேர்ந்து நிற்கையில் மூன்றும் தெரியும். கொடியை இடுப்புக்குக் கீழ் அணியக் கூடாது என்ற விதியோடும் முட்டாது.

முடிந்த பிறகு

காகிதக் கொடிகளைக் கையில் கொடுத்தவர்களே வாசலில் ஒரு பெட்டியோடு நின்று திரும்ப வாங்க வேண்டும். இல்லையென்றால் மாலைக்குள் கார் பார்க்கிங்கில் மிதிபடும். கொடியைச் சூரியன் மறையும் முன் இறக்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பொதுமக்களுக்கு 2022 ஜூலையிலிருந்து இல்லை. ஆனால் இரவு மழையில் நனைந்து கிழியவிடுவதைவிட மாலையில் இறக்குவது நல்லது. இறக்கியதும் காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, இரு பக்கத்தையும் உள்ளே கொண்டுவந்து, சக்கரம் மேலே தெரியும்படி உள்ளங்கையில் ஏந்தி எடுத்துச் செல்லுங்கள். ஈரம் இருந்தால் நிழலில் உலர்த்திய பிறகே பெட்டிக்குள். கிழிந்த கொடியைக் குப்பையில் போடாமல், தனியிடத்தில் மரியாதையோடு முழுதாக அழிக்க வேண்டும், எரிப்பது மேல் என்பதே விதி.

கப்பியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கயிற்றைக் கழற்றிச் சுருட்டி, பட்டியின் மரக்கட்டை இருக்கிறதா என்று பார்த்து, மூன்றையும் ஒரே பையில் போட்டு அசோசியேஷன் அலமாரியில் வையுங்கள். பையின் மேல் யாரிடம் சாவி என்று எழுதிவிடுங்கள்.